மூத்தாளைக் கொட்டிய நாள்

ரொட்டிக்கடை அக்காவுக்கு மூக்கு பொல்லாத மூக்கு. அடுப்புக்குள் ரொட்டி சிவப்பதைக் கண்ணால் பார்க்கவே வேண்டாம். முன்பக்கம் கல்லாவில் உட்கார்ந்தபடியே, "என்னங்க, ரெண்டாவது தட்டை எடுங்க" என்று குரல் கொடுப்பாள். எடுத்துப் பார்த்தால் பதமாக இருக்கும். பக்கத்துக் கடையில் டீத்தூளை மாற்றினால் இங்கிருந்தே சொல்லிவிடுவாள். இப்பேர்ப்பட்ட மூக்கை அவள் பல வருடங்களாக ஒரே ஒரு உத்தியோகத்துக்கு வைத்திருந்தாள். புருஷன் குடித்திருக்கிறாரா இல்லையா என்று கண்டுபிடிக்கும் உத்தியோகம். சம்பளம் கிடையாது, லீவும் கிடையாது.

புருஷனை எல்லோரும் மாஸ்டர் என்றுதான் கூப்பிடுவார்கள். விடியும் முன் எழுந்து மாவு பிசைந்து, அடுப்பு வேலையை முடித்து, மதியம் சாப்பிட்டுவிட்டு ஒரு தூக்கம் போடுவார். அந்த நேரம் பார்த்து அக்கா மின்விசிறியைச் சரிசெய்வதுபோல அறைக்குள் போவாள். தலையணையை நகர்த்துவதுபோலக் குனிவாள். ஒரு மோப்பம். சில நாள் லேசாகப் புளித்த வாடை வரும். எழுப்பிக் கேட்டால், "மாவு வாசம்டீ. காலையிலேர்ந்து மூத்தாளோட மல்லுக்கட்டிட்டு வந்திருக்கேன், வேற என்ன வாசம் வரும்?" என்பார். அதற்கு மேல் அவளால் சண்டை போட முடியாது. மூத்தாளின் வாசமும் ஏறக்குறைய அப்படித்தான் இருக்கும்.

மூத்தாள் யார் என்று சொல்லிவிட வேண்டும். அடுப்பறையின் பின்பக்க அலமாரியில், மேல் தட்டில், ஒரு பெரிய கண்ணாடி ஜாடி இருந்தது. அதற்குள் புளித்த மாவு. தினமும் கொஞ்சம் எடுத்து அன்றைய ரொட்டி மாவில் கலந்துவிட்டு, எடுத்த அளவுக்குப் புது மாவும் தண்ணீரும் ஊற்றிக் கிளறி மூடிவைக்க வேண்டும். அப்படி ஊட்டிக்கொண்டே இருந்தால் அது சாகாது. மாஸ்டர் வேலை பழகிய காலத்திலிருந்தே அதை வளர்த்துவந்தார். கல்யாணமாகி வந்த புதிதில், "இவ உனக்கு முன்னாடியே வந்தவ" என்று ஜாடியைக் காட்டினார். அன்றே அக்கா அதற்குப் பெயர் வைத்துவிட்டாள். அதிலிருந்து அந்த வீட்டில், "மூத்தாளுக்குச் சாப்பாடு போட்டாச்சா?" என்று கேட்டுவிட்டுத்தான் மற்றவர்கள் சாப்பிட்டார்கள். அவர்கள் கடை ரொட்டியின் ருசியே மூத்தாளின் கைங்கரியம்தான். அதை அக்கா மறுத்ததில்லை. சக்களத்தியானாலும் நல்ல வேலைக்காரி.

மாஸ்டரின் குடி ஊருக்குத் தெரியாமல் இருந்ததற்கும் அக்காவின் கைங்கரியம்தான் காரணம். ரொட்டி கருகிப்போனால், "அவருக்குத் தலைவலி." கடை திறக்கத் தாமதமானால், "அவருக்குத் தலைவலி." மகளுக்கு மூக்குக் கண்ணாடிக் கடையில் வேலை கிடைத்ததைக் கொண்டாட உறவுக்காரர்கள் கூடிய நாளில் அவர் அறையைவிட்டு எழுந்து வராதபோதும் அதே தலைவலி. ஊரில் உள்ள அத்தனை பேருக்கும் வரவேண்டிய தலைவலியை மாஸ்டர் ஒருவரே வாங்கிக்கொண்டதுபோல ஆகிவிட்டது. மருந்துக்கடைக்காரர் இரக்கப்பட்டுத் தைலம்கூடக் கொடுத்தனுப்பினார்.

கடைசியில் ஒருநாள் அக்காவுக்குப் பொறுமை போய்விட்டது. "இன்னையோட நிறுத்தணும். நானாச்சு, நீங்களாச்சு" என்று கடையைச் சாத்தி, வீட்டுக் கதவையும் பூட்டிச் சாவியை இடுப்பில் செருகிக்கொண்டாள். மாஸ்டரும் தலையாட்டினார். முதல் நாள் எரிந்து விழுந்தார். அடுத்த நாள் கை நடுங்கியது, வேர்த்துக் கொட்டியது, சுவரில் எறும்புக் கூட்டம் போகிறது என்று இல்லாத எறும்பைத் தட்டினார். அதற்கடுத்த நாள் சாப்பாட்டுத் தட்டின் முன்னாலேயே வெட்டி இழுத்துக் கீழே விழுந்தார். அக்காவும் மகளும் அலறியடித்துக்கொண்டு ஆஸ்பத்திரிக்குத் தூக்கிக்கொண்டு ஓடினார்கள்.

அங்கே இருந்த டாக்டர் திட்டுவார் என்று அக்கா கூனிக்குறுகி நின்றாள். அவர் திட்டவில்லை.

"நல்லதுன்னு நெனச்சுதாம்மா பண்ணியிருக்கீங்க. ஆனா தினமும் குடிச்சுப் பழகின உடம்பு, திடீர்னு நிறுத்தினா தாங்காது. வலிப்பு வரும். உயிருக்கே ஆபத்தாகலாம். இதுக்கு வித்டிராயல்னு பேரு, விலகல் அறிகுறி. மருந்து குடுத்து, பக்கத்துல இருந்து பார்த்துத்தான் நிறுத்த வைக்கணும். நல்லவேளை, நேரத்துக்குக் கொண்டுவந்துட்டீங்க."

அந்த 'நல்லவேளை'யை அக்கா அதற்கப்புறம் மறக்கவே இல்லை. இன்றைக்கும் அந்த டாக்டர் வீட்டுக்கு வாரா வாரம் ஒரு பெரிய ரொட்டி போகிறது. அவர் வேண்டாம் வேண்டாம் என்கிறார். ரொட்டி போய்க்கொண்டுதான் இருக்கிறது.

ஆஸ்பத்திரியிலிருந்து மாஸ்டரைச் சிகிச்சை மையத்துக்கு மாற்றினார்கள். அங்கே குடிப்பவர்களுக்கு மட்டுமல்ல, வீட்டிலிருப்பவர்களுக்கும் வகுப்பு உண்டு என்றார்கள். அக்காவுக்குக் கோபம் பொத்துக்கொண்டு வந்தது. "குடிச்சது அவரு. பள்ளிக்கூடம் எனக்கா?" என்று கேட்டாள். கேட்டுவிட்டுப் போனாள். மகளும் கூடப் போனாள்.

ஒரு நீளமான அறை, பிளாஸ்டிக் நாற்காலிகள், சுற்றும்போதெல்லாம் முனகுகிற மின்விசிறி, ஒரு கரும்பலகை. பாடம் எடுத்தவர் மையத்தின் ஆலோசகர். எல்லோரும் அவரை டீச்சர் என்றார்கள். ஒவ்வொரு வாரமும் பலகையில் ஒரு சொல்லை எழுதிவிட்டு, "இதை எங்கயாவது பார்த்திருக்கீங்களா?" என்று கேட்பார், காணாமல் போன ஆளின் போட்டோவைக் காட்டுவதுபோல.

முதல் சொல் தாங்குதிறன். டீச்சர் விளக்கும் முன்பே அக்கா கையைத் தூக்கிவிட்டாள். "எங்க வீட்டுக்காரருக்கு அது நிறைய. எவ்வளவு குடிச்சாலும் தள்ளாட மாட்டாரு. நேரா நடந்து வருவாரு." சொல்லும்போது குரலில் கொஞ்சம் பெருமைகூட இருந்தது. மற்ற புருஷர்கள் சாக்கடையில் கிடந்தபோது தன் புருஷன் நேராக நடந்து வந்ததில் அவளுக்கு அத்தனை வருடமும் ஒரு ஆறுதல். டீச்சர் மெதுவாகச் சொன்னார்: "முன்னாடி கொஞ்சம் குடிச்சாலே ஏறும். இப்ப அதே அளவு ஏறுறதுக்கு நிறைய வேணும். உடம்பு பழகிப்போச்சு. அது பலம் இல்லைங்க, வியாதி உள்ள வந்து உக்காந்துக்கிட்டதோட அடையாளம்." அக்கா கையை இறக்கிக்கொண்டாள். அத்தனை வருடப் பெருமை ஒரே நிமிடத்தில் கரியாகப் போனது.

டீடாக்ஸ் என்ற சொல் வந்த வாரம் அவளுக்குச் சந்தோஷம். உடம்பிலுள்ள நஞ்சை இறக்கும் முதல் கட்டம் என்றார் டீச்சர். மாஸ்டருக்கு அது முடிந்துவிட்டது என்றும் சொன்னார். "அப்ப கூட்டிட்டுப் போயிடலாமா?" என்று அக்கா பையைத் தூக்கிக்கொண்டு எழுந்தாள்.

"உக்காருங்க. அடுப்புல சாம்பல் வாரிட்டா ரொட்டி வெந்துடுமா?"

"அதெப்படி வேகும்? நெருப்பு மூட்டணும், சூடு ஏறணும்..."

"அதேதான். இப்பதான் சாம்பல் வாரியிருக்கோம்."

அன்றிலிருந்து அக்காவுக்கு டீச்சர்மேல் மரியாதை வந்துவிட்டது. தொழில் தெரிந்த பேச்சு பேசுகிற ஆள் என்று மகளிடம் சொன்னாள். ஆனால் மறுப்பு என்ற சொல் வந்தபோது அந்த மரியாதை ஆட்டம் கண்டது. 'எனக்கு ஒன்றுமில்லை, நினைத்தால் நிறுத்திவிடுவேன்' என்று குடிப்பவர் சொல்வதுதான் மறுப்பு என்றதும் அக்கா பலமாகத் தலையாட்டினாள். டீச்சர் அதோடு விடாமல், "வீட்ல இருக்கிறவங்களும் மறுப்பாங்க. தலைவலின்னு சொன்னது யாரு?" என்று கேட்டார். மகள் அம்மாவைத் திரும்பிப் பார்த்தாள். அடுத்த சொல்லாகப் பலகையில் துணைபோதல் என்று எழுதினார். குடியால் வரும் கஷ்டம் குடிப்பவருக்குத் தெரியாமல், நடுவில் நின்று நாமே வாங்கிக்கொள்வது.

அக்கா எழுந்து நின்றுவிட்டாள். "அப்ப நான்தான் குத்தவாளியா? நான் மூடி மறைக்கலேன்னா இந்தக் குடும்பம் நடுத்தெருவுல நின்னிருக்கும். தெரியுமா உங்களுக்கு?"

"தெரியும்மா. குத்தம் சொல்லலை. பேர் வைக்கிறோம், அவ்வளவுதான். பேர் தெரிஞ்சாத்தானே போன்னு துரத்த முடியும்?"

அக்கா அன்று வீட்டுக்கு வரும்வரை வாயைத் திறக்கவில்லை. அது அந்தக் குடும்பத்தில் வரலாறு காணாத சம்பவம். மறுநாள் கடையில் ஒருவர், "மாஸ்டர் எங்கம்மா, ரொம்ப நாளா காணோம்? தலைவலியா?" என்று கேட்டார். அக்கா வாயைத் திறந்தாள். பழைய பொய் நாக்கு நுனிவரை வந்து நின்றது. "இல்லைங்க. குடிக்கு வைத்தியம் பார்க்கிறோம். நல்லாயிட்டு வர்றாரு" என்றாள். பூமி பிளக்கவில்லை. "எம் மச்சானுக்கும் அந்த மையத்தோட விலாசம் வேணுமே" என்றார் வந்தவர்.

அவளுக்குப் பிடிக்காத சொல் ஒன்று மிச்சமிருந்தது. டீச்சர் பலகையின் ஒரு பக்கம் சறுக்கல் என்றும் மறுபக்கம் மறுவீழ்ச்சி என்றும் எழுதியபோது அக்கா முகத்தைத் திருப்பிக்கொண்டாள். ஒருமுறை தவறிக் குடித்துவிடுவது சறுக்கல். அதை மறைத்து, வெட்கத்தில் மேலும் குடித்து, பழைய நிலைக்கே போய்ச் சேருவது மறுவீழ்ச்சி.

"இப்பவே எதுக்கு டீச்சர் இந்தப் பேச்சு? நல்ல காரியத்துக்குக் கிளம்புறப்ப குறுக்கே பேசின மாதிரி. நீங்களே வழி சொல்லிக் குடுக்கிறீங்களே!"

"வழி சொல்லலைங்க. படியில கால் வழுக்கினா உடனே கைப்பிடியைப் பிடிக்கணும். வழுக்கினதே அவமானம்னு கையை விட்டுட்டா அடிவரைக்கும் உருள வேண்டியதுதான். சறுக்கினவர் தானே வந்து சொன்னார்னா, சொன்னதுக்காக அடிச்சுடாதீங்க. நான் கேட்கிறது அவ்வளவுதான்."

அக்கா ஒப்புக்கொள்ளவில்லை. அவள் கணக்கு வேறு. இனி ஒரு சொட்டு வாயில் பட்டாலும் மகளைக் கூட்டிக்கொண்டு தன் கூடப்பிறந்தவள் வீட்டுக்குப் போய்விடுவது என்று சபதம் போட்டிருந்தாள். மாஸ்டரிடமும் சொல்லியாகிவிட்டது. பீரோவுக்கு மேல் ஒரு பை தயாராக இருந்தது. அதில் இரண்டு பேருக்கும் மாற்றுத் துணி. சொன்னால் செய்கிறவள் அவள் என்று மாஸ்டருக்கும் தெரியும்.

மாஸ்டர் வீடு திரும்பும் வாரத்தில் கடைசிச் சொல் வந்தது: தூண்டுதல். குடிக்கும் வேட்கையைக் கிளப்பிவிடுகிற எதுவும் தூண்டுதல். ஒரு ஆள், ஒரு இடம், ஒரு பாட்டு, ஒரு வாசனை. இந்தச் சொல் அக்காவுக்கு அல்வா சாப்பிட்டதுபோல இருந்தது. இதுவரை வந்த சொற்களெல்லாம் உட்கார்ந்து யோசிக்க வைத்தவை. இது கையும் காலும் கொண்டு செய்கிற வேலை.

வீட்டுக்கு வந்ததும் முந்தானையை இழுத்துச் செருகிக்கொண்டாள். அவர் உட்கார்ந்து குடித்த பின்கட்டு நாற்காலி வெளியே போனது. எவர்சில்வர் டம்ளர்கள் போயின. அவர் குடிக்கும்போது கேட்ட ரேடியோ போனது. குடித்த நாட்களில் அதிகம் போட்டார் என்று ஒரு நீலச் சட்டையும் போனது. மகள் இடுப்பில் கை வைத்துப் பார்த்துக்கொண்டிருந்தாள்.

"அம்மா, அப்பாவையும் இப்படியே வெளிய வெச்சுடலாமா? பிரச்சனையே இருக்காது."

"வாயை மூடிட்டு அந்தப் பக்கம் பிடி."

கடைசியாக அடுப்பறைக்குப் போனாள். மாஸ்டர் இல்லாத அத்தனை நாளும் பெரிய பேக்கரியிலிருந்து ரொட்டி வாங்கி விற்றுக் கடையை ஓட்டியவள், மூத்தாளுக்கு மட்டும் தவறாமல் சாப்பாடு போட்டுவந்தாள். "உன் புருஷன் வர்றவரைக்கும் உனக்கும் நான்தான் ஊழியம் பண்ணணும், என் தலையெழுத்து" என்று திட்டிக்கொண்டேதான் ஊட்டினாள். ஆனால் இந்த வார அலைச்சலில் இரண்டொரு நாள் விட்டுப்போயிருந்தது. மூடியைத் திறந்தாள். பசியில் கிடந்த மாவின் மேல் சாம்பல் நிறத்தில் தண்ணீர் கட்டியிருந்தது. அந்தப் பொல்லாத மூக்கு ஜாடிக்குள் போய்த் திடுக்கிட்டு வெளியே வந்தது. அசல் சாராய வாடை.

"அடிப் பாவி" என்றாள் அக்கா. "நீதானா?"

தூக்கிக்கொண்டு போய்ச் சாக்கடையில் கொட்டினாள். வெந்நீர் விட்டுத் தேய்த்துக் கழுவினாள். நன்றாகக் காய்ந்த ஜாடியில் பன் எடுக்கும் இடுக்கிகளைப் போட்டு முன்பக்கக் கல்லாவில் வைத்தாள். இத்தனை வருடச் சக்களத்திச் சண்டையில் ஜெயித்ததுபோல ஒரு நிம்மதி. அன்று மதியம் அவள் நன்றாகத் தூங்கினாள்.

மறுநாள் காலை மாஸ்டர் வந்தார். முகம் தெளிந்திருந்தது, கன்னத்தில் சதை போட்டிருந்தது. மகளின் தலையைத் தடவினார். நாற்காலி இல்லாத பின்கட்டையும் டம்ளர் இல்லாத சமையலறையையும் பார்த்துச் சிரித்தார். "குடிச்சவன் குடியைத்தான் விட்டான். நீங்க வீட்டையே விட்டுட்டீங்க போலிருக்கே" என்றார். எல்லோரும் சிரித்தார்கள். பிறகு அடுப்பறைக்குள் போனார். போனவர் திரும்பி வரவில்லை.

அக்கா போய்ப் பார்த்தாள். காலியான மேல் தட்டைப் பார்த்தபடி நின்றுகொண்டிருந்தார்.

"மூத்தாள் எங்க?"

"கொட்டிட்டேங்க. சாராய நாத்தம் அடிச்சுது. தூண்டுதல்னு டீச்சர்..."

"கொட்டிட்டியா?"

அவர் கத்தியிருந்தால் அக்கா பதிலுக்குக் கத்தியிருப்பாள். அவர் கத்தவில்லை. முகம் வெளுத்துப்போய், "கொஞ்சம் நடந்துட்டு வரேன்" என்று செருப்பை மாட்டிக்கொண்டு இறங்கிவிட்டார்.

அவர் தெருமுனை திரும்பும்வரைதான் அக்கா சும்மா நின்றாள். அதற்குப் பிறகு கால்கள் தாமாகக் கிளம்பின. எந்தக் கடை, எந்தச் சந்து, எந்த மூலை என்று அவளுக்கு எல்லாம் அத்துப்படி. எத்தனை முறை யார் கண்ணிலும் படாமல் போய் இழுத்துவந்திருக்கிறாள். மகள் கையைப் பிடித்து நிறுத்தினாள். "அம்மா, துரத்திட்டுப் போகக் கூடாதுன்னு டீச்சர் சொன்னாங்கல்ல. போன் பண்ணு."

போன் பண்ண ஒரு ஆள் இருந்தார். பெரிய சாலையில் டயர் பஞ்சர் கடை வைத்திருப்பவர். ஒரு காலத்தில் அவரும் இதே மையத்தில் படுத்துக் கிடந்தவர்தான். குடியை விட்டுப் பல வருடமாகிறது. வெளியே வருகிற ஒருவருக்கு இப்படி முன்னே போன ஒருவரைத் துணையாக வைப்பார்கள். வேட்கை வந்தால் புட்டியைத் தேடும் முன் அவரைத் தேட வேண்டும். மையத்தில் ஆங்கிலத்தில் ஸ்பான்சர் என்பார்கள், தமிழில் வழித்துணை. அக்கா நடந்ததைச் சொன்னாள்.

"இன்னும் இங்க வரலை தங்கச்சி. வந்தா பார்த்துக்கிறேன். நீ கடையைத் திறந்து வியாபாரத்தைப் பாரு."

"கடையா? எனக்குக் கையே ஓடலைண்ணே."

"அதுக்குத்தான் சொல்றேன். திறந்து வை. திரும்பி வர்றவனுக்குக் கதவு திறந்திருக்கணும்."

அக்கா கடையைத் திறந்தாள். பன் கேட்டவருக்கு ரஸ்க் கொடுத்தாள், ரஸ்க் கேட்டவரைப் பார்த்து அழப் பார்த்தாள். இடுக்கியை எடுக்கும்போதெல்லாம் ஜாடி கையில் இடித்தது. ஒரு மனுஷன் உயிர்போலப் பார்த்துக்கொண்டதை அவரைக் கேட்காமல் சாக்கடையில் ஊற்றியவள் நான், அவர் குடித்தால் பழி என்மேல்தான் என்று ஒரு பக்கம் அழுகை. குடித்துவிட்டு வரட்டும், பை ரெடியாக இருக்கிறது என்று இன்னொரு பக்கம் ஆத்திரம். மதிய வெயில் தெருவைப் பாதி தாண்டியபோது இரண்டு பேர் நடந்து வந்தார்கள். முன்னால் டயர்க்காரர், கையெல்லாம் கரி. பின்னால் தலையைத் தொங்கப்போட்டபடி மாஸ்டர்.

படி ஏறும் முன்பே அக்காவின் மூக்குக்குத் தெரிந்துவிட்டது. மாவு வாசம் இல்லை அது.

கல்லாவிலிருந்து எழுந்தாள். பல வருடமாகச் சேர்த்துவைத்த வசவெல்லாம் தொண்டைக்கு வந்தது. பீரோ மேலிருந்த பை கண்முன் வந்தது. அவள் வாயைத் திறப்பதற்குள் மாஸ்டர் பேசினார்.

"குடிச்சுட்டேன்."

அக்கா கல்லாவின் ஓரத்தைப் பிடித்துக்கொண்டாள்.

"வாங்கினேன். ஒரு வாய் குடிச்சேன். அதுக்கு மேல... எனக்கு உன்கிட்ட சொல்லணும்னு தோணிச்சு."

"புட்டியோட என் கடை வாசல்ல வந்து உக்காந்துட்டாரு தங்கச்சி" என்றார் டயர்க்காரர். "மீதியை அவர் கையாலேயே கொட்டினாரு."

இத்தனை வருடத்தில் அவள் மோந்து கண்டுபிடித்திருக்கிறாள், பையைத் துழாவிக் கண்டுபிடித்திருக்கிறாள், சத்தியம் வாங்கிக் கண்டுபிடித்திருக்கிறாள். அவர் வாயால் சொல்லி அவள் கேட்டது இதுதான் முதல் தடவை. தான் முகம் திருப்பிக்கொண்ட அந்தச் சொல் அப்போது அவளுக்குப் புரிந்தது. படியில் கால் வழுக்கிய மனிதர் எதிரே நிற்கிறார். கைப்பிடி வேறெங்கும் இல்லை, தான்தான் அது.

"சரி" என்றாள். தன் குரலா என்று அவளுக்கே சந்தேகமாக இருந்தது. "வெயில்ல நிக்காதீங்க. உள்ள வாங்க. மையத்துக்குப் போன் பண்ணுவோம்."

மாஸ்டர் அங்கேயே படியில் உட்கார்ந்து அழுதார். அக்காவும் பக்கத்தில் உட்கார்ந்தாள். "மூத்தாளை நான் கொட்டியிருக்கக் கூடாதுங்க. உங்களைக் கேட்டிருக்கணும்" என்றாள்.

"கொட்டினதே நல்லது" என்றார் அவர். "உனக்குத் தெரியாது. அப்பல்லாம் ஜாடிக்குப் பின்னாலதான் என் புட்டி இருக்கும், அன்னன்னைக்கே காலி பண்ணித் தூக்கிப் போட்டுடுவேன். அந்த வாசத்துல இந்த வாசம் தெரியாது. அங்க மையத்துல எல்லாரும் வீட்டுக்குப் போறதைப் பத்திப் பேசினப்ப, எனக்கு மட்டும் உள்ளுக்குள்ள ஒரு நெனப்பு. மூத்தாள் இருக்கா, தேவைப்பட்டா மறைச்சுக்கலாம்னு. யார்கிட்டயும் சொல்லலை. காலையில அந்தத் தட்டு காலியா இருந்ததைப் பார்த்ததும், ஒளிய இடமே இல்லைன்னு பயந்துட்டேன். பயத்துலதான் ஓடினேன்."

அக்கா அவரை வைத்தகண் வாங்காமல் பார்த்தாள். மதியத் தூக்கத்தில் குனிந்து குனிந்து மோந்ததும், மாவு வாசம் என்று அவர் சொன்னதும், தான் நம்பியதும் வரிசையாக நினைவுக்கு வந்தன.

"ஆக, சக்களத்தியும் நீங்களும் சேர்ந்துதான் என்னை ஏமாத்தியிருக்கீங்க."

டயர்க்காரர் முதலில் சிரித்தார். அப்புறம் மகள் சிரித்தாள். அழுதுகொண்டிருந்தவருக்கும் சிரிப்பு வந்துவிட்டது.

அன்று மாலையே மையத்துக்குப் போனார்கள். யாரும் திட்டவில்லை. மையத்து டாக்டர் பார்த்து மருந்தைச் சரிசெய்தார். சில வாரங்களுக்குத் தினமும் வந்துபோகச் சொன்னார்கள். திட்டு கொஞ்சம் விழுந்தது அக்காவுக்குத்தான். "தூண்டுதல் எதுன்னு அவர்தாங்க சொல்லணும். நீங்க மோந்து பார்த்து முடிவு பண்ண முடியாது" என்றார் டீச்சர். அக்கா சிரித்துக்கொண்டே வாங்கிக்கொண்டாள். வீட்டுக்கு வந்ததும் பீரோ மேலிருந்த பையை இறக்கித் துணிகளை அடுக்கில் திரும்ப வைத்தாள். ரேடியோவும் உள்ளே வந்தது. நீலச் சட்டை மட்டும் கிழிந்துபோயிருந்தது.

மாஸ்டர் மறுபடி அடுப்பில் நின்றார், பாக்கெட் ஈஸ்ட் போட்ட மாவோடு. ரொட்டி நன்றாகத்தான் இருந்தது, பழைய ருசி இல்லை. வாடிக்கையாளர்கள் முணுமுணுத்தார்கள். ஒருநாள் அக்காவே கேட்டாள், இந்த முறை கேட்டுவிட்டுத்தான் செய்தாள்: "புதுசா ஒண்ணு வளர்க்கலாமா? உங்களுக்குச் சரியா இருக்குமா?"

அவர் யோசித்தார். "வளர்க்கலாம். ஆனா பின்னால வேண்டாம். கல்லா மேல இருக்கட்டும், எல்லார் கண்ணுலயும் படுற மாதிரி. வளர்க்கிறதையும் நீயே பண்ணு. மோந்து பதம் சொல்ற மூக்கு உனக்குத்தானே இருக்கு."

இடுக்கிகளை எடுத்துவிட்டு அதே ஜாடியில் அக்கா மாவும் தண்ணீரும் கலந்து வைத்தாள். முதலில் ஒன்றும் நடக்கவில்லை. பிறகு ஒரு குமிழி, அப்புறம் நாலைந்து. மகள் எட்டிப் பார்த்து, "இதுக்கு என்ன பேரும்மா?" என்றாள்.

"இளையாள்" என்றாள் அக்கா. "இந்த வீட்ல இப்ப நான்தான் மூத்தாள்."

மறுநாள் காலையிலிருந்து மாஸ்டர் தானாக ஒரு வழக்கம் வைத்துக்கொண்டார். யாரும் கேட்கவில்லை. அடுப்பு மூட்டும் முன் அக்காவிடம் வந்து, குனிந்து, வாயைத் திறந்து "ஹா" என்று ஊதுவார். அவள் மோந்து பார்த்துத் தலையாட்டுவாள். பிறகுதான் வேலை. மகளுக்குச் சிரிப்பாக இருக்கும். அக்காவுக்கு முதல் சில நாள் கண் கலங்கும்.

மழைக்காலம் வந்து போனது. இளையாள் வளர்ந்து பழைய ருசியைத் தொட ஆரம்பித்தாள். ஒருநாள் அதிகாலை ஜாடி பொங்கி மூடியைத் தள்ளிக்கொண்டு வழிந்தது. அக்கா இரண்டு கையிலும் மாவோடு தடுமாறிக்கொண்டிருந்தபோது, மாஸ்டர் வழக்கம்போல வந்து குனிந்தார்.

"அட, தள்ளிப் போங்க! இங்க பொங்கி வழியுது, நீங்க வேற."

அவர் போய் அடுப்பை மூட்டினார். தட்டுகள் உள்ளே போயின. முதல் வாடிக்கையாளர் வந்தார். ஒரு ரொட்டியைக் காகிதத்தில் சுற்றி நீட்டும்போதுதான் அக்காவுக்கு நினைவு வந்தது. காலையில் அவரை மோந்து பார்க்கவில்லை. நேற்றும் அவர் ஊதியதற்குத் தலையாட்டினாளே தவிர, மோந்து பார்த்த நினைவில்லை. அதற்கு முந்தின நாளும்.

அவள் நீட்டிய கையை இழுத்து, ஒரு பன்னையும் சேர்த்துச் சுற்றினாள்.

"பன்னு கேக்கலையேம்மா" என்றார் வந்தவர்.

"இருக்கட்டுங்க" என்றாள் அக்கா, புறங்கையால் கண்ணைத் துடைத்துக்கொண்டு. அப்படியே உள்பக்கம் திரும்பிக் குரல் கொடுத்தாள். "என்னங்க, ரெண்டாவது தட்டை எடுங்க."